0.4 செகண்ட்: காரா ஹல்ட்கிரீனின் கடைசி லேண்டிங்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன எண்ணைப் பத்தினது: 0.4 செகண்ட். ஒரு தடவை கண் சிமிட்டுற நேரம்தான். எஃப்-14 டாம்கேட் போர் விமானத்துல பின்சீட் ஆள் வெளியே எகிறுறதுக்கும் முன்சீட் ஆள் எகிறுறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அது.

1994 அக்டோபர் 25. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அப்பால், பசிபிக் கடலில் யூஎஸ்எஸ் ஆபிரகாம் லிங்கன் என்ற விமானம் தாங்கிக் கப்பல். பயிற்சி நாள், போரெல்லாம் இல்லை. அதுல இறங்க வந்துட்டிருந்தவர் லெஃப்டினன்ட் காரா ஹல்ட்கிரீன். 29 வயசு முடிஞ்சு இருபது நாள்தான் ஆகியிருந்தது.

இவர் யாருன்னு கொஞ்சம் பாத்துடலாம். டெக்சஸ் பல்கலைக்கழகத்துல ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படிச்சவர். நல்ல உயரம், ஜிம் பாடி, பேரும் ஹல்ட்கிரீன். அதனால முதல்ல கிடைச்ச கால்சைன் 'ஹல்க்'. அப்புறம் ஒரு டிவி நிகழ்ச்சிக்கு மேக்கப் போட்டுட்டு வந்தார்னு நண்பர்கள் அதை 'ரெவ்லான்' ஆக்கிட்டாங்க. 1993 ஏப்ரல் வரைக்கும் அமெரிக்காவுல பெண்கள் போர் விமானத்தைச் சண்டைக்கு ஓட்ட அனுமதியே கிடையாது. கதவு திறந்ததும் உள்ளே போன முதல் சிலரில் இவரும் ஒருத்தர். கப்பலில் இறங்குற எஃப்-14 தகுதித் தேர்வுல முதல் தடவை ஃபெயில். ரெண்டாவது தடவை பாஸ். இந்த ஃபெயிலை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இப்போ லேண்டிங். கப்பல் ஓடிட்டே இருக்கும். அதோட மேல்தளத்துல குறுக்கே கட்டியிருக்கிற கம்பிகளில் ஒண்ணை விமானத்தோட வால் கொக்கி பிடிக்கணும். இறங்குறதுக்கு முந்தின கடைசி வளைவுல காரா நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டிட்டார். திருத்துறதுக்காக இடது ரட்டரை மிதிச்சார். மூக்கு திரும்பிச்சு. ஆனா விமானம் காத்துல சைடா சறுக்க ஆரம்பிச்சது, இடது எஞ்சினுக்குள்ள நேரா போகவேண்டிய காத்து கோணலா போச்சு.

ஜெட் எஞ்சின் முன்பக்கம் அடுக்கடுக்கா சுழலுற பிளேடுகள் இருக்கும். காத்து சரியான கோணத்துல வந்தாதான் அதுங்களால உள்ளே அழுத்தி அனுப்ப முடியும். கோணம் கெட்டா ஓட்டம் உடைஞ்சு, எஞ்சின் மூச்சுத் திணறும். கம்ப்ரசர் ஸ்டால்னு பேரு. டாம்கேட்ல இருந்த டிஎஃப்30 எஞ்சின் இதுக்குப் பேர்போனது. வேற ஒரு விமானத்துக்காகச் செஞ்ச எஞ்சினை இதுல கொண்டுவந்து மாட்டினாங்க. இது பொருந்தாத ஜோடின்னு அமெரிக்கக் கடற்படைச் செயலாளரே 1980களில் காங்கிரஸ்கிட்ட சொல்லியிருக்கார். தெரிஞ்ச பக்(bug)கோட ஓடுற புரொடக்‌ஷன் சிஸ்டம்னு நம்ம பாஷையில சொல்லலாம்.

இடது எஞ்சின் போச்சு. லேண்டிங் சிக்னல் ஆபீஸர் ரேடியோவுல 'வேவ் ஆஃப்' சொல்றார், அதாவது இறங்காதே, மேலே போ. காரா பவர் குடுக்கிறார். இங்கதான் சிக்கல். டாம்கேட்ல ரெண்டு எஞ்சினுக்கும் நடுவுல நிறைய இடைவெளி உண்டு. படகுல ஒரே பக்கம் துடுப்பு போட்டா என்னாகும்? திரும்பும். வலது எஞ்சின் முழு வேகத்துல தள்ள, விமானம் இடது பக்கமா திரும்புது. மூக்கும் ரொம்ப மேலே தூக்கியிருக்கு. இடது இறக்கை தூக்கு விசையை இழந்து, விமானம் உருள ஆரம்பிக்குது.

பின்சீட்ல இருந்த ரேடார் அதிகாரி ரெண்டு பேருக்கும் சேத்து இஜெக்‌ஷனை இழுத்தார். முன்சீட் முதல்ல போனா அதோட ராக்கெட் நெருப்பு பின்னாடி இருக்கிறவரைச் சுட்டுடும். அதனால பின்சீட்தான் முதல்ல போகும். அவர் வெளியே வந்து பிழைச்சுட்டார். 0.4 செகண்ட் கழிச்சு காராவோட சீட் கிளம்பிச்சு. அதுக்குள்ள விமானம் 90 டிகிரியைத் தாண்டி உருண்டிருந்தது. சீட் வானத்தைப் பாத்துப் போகலை, கடலைப் பாத்துப் போச்சு.

18 நாள் கழிச்சு, நவம்பர் 12ல், ஆயிரம் மீட்டருக்கும் கீழே, அதே சீட்டோட பெல்ட் மாட்டின நிலையில அவரைக் கண்டுபிடிச்சாங்க.

அதுக்கு முன்னாடியே ஊர் பேச ஆரம்பிச்சிருந்தது. 'பொண்ணுங்கிறதால பாஸ் போட்டாங்க'ன்னு பேர் போடாத ஃபேக்ஸ்கள் பறந்தது. அந்த முதல் ஃபெயிலை எல்லாரும் தோண்டி எடுத்தாங்க. அம்மா சாலி ஸ்பியர்ஸ் மகளோட பயிற்சி ரெக்கார்டை எடுத்து பத்திரிகைக்கே கொடுத்துட்டார். மகளை இழந்த அம்மா அவளோட மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டிய நிலைமை. எனக்கு இந்த இடத்துலதான் நிஜமா கோபம் வந்தது.

1995 பிப்ரவரியில வெளியான சட்டரீதியான அறிக்கை எஞ்சின் கோளாறைச் சொன்னது. அடுத்த மாசமே இன்னொரு அறிக்கை கசிஞ்சது, அதுல விமானியோட தவறுன்னு இருந்தது. உடனே 'கடற்படை பொய் சொல்லிடுச்சு'ன்னு ஒரே சத்தம். ஆனா ரெண்டும் வேற வேற வேலைக்கு எழுதினது. கசிஞ்சது பாதுகாப்பு விசாரணை. அது பொதுவா ரகசியம். தண்டனை பயம் இல்லாம எல்லாரும் உண்மையைச் சொன்னாதான் அடுத்த விபத்தைத் தடுக்க முடியும்னு அப்படி வெச்சிருக்காங்க. ஆபீஸ்ல சர்வர் விழுந்தா நாங்க எழுதுற போஸ்ட்மார்ட்டமும் இப்படித்தான். 'இந்த இடத்துல ஒருத்தர் தப்பான கமாண்ட் அடிச்சார்'னு எழுதுவோம். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து ஹெச்ஆருக்கு அனுப்பினா எப்படி இருக்கும்?

என்னைக் கேட்டா, எஞ்சினா விமானியாங்கிற கேள்வியே சரியில்லை. வளைவைத் தாண்டினது காரா. அதைத் திருத்துன விதமும், அப்புறம் மூக்கைத் தூக்கினதும் தப்புதான். அந்தச் சின்னத் தப்பை எஞ்சின் மன்னிக்கலை. ரெண்டும் ஒரே சங்கிலி. டாம்கேட்களை ஓட்டின ஆண்களும் அந்த எஞ்சின்கிட்ட மாட்டியிருக்காங்க. அதை வெச்சு 'ஆம்பளைங்க பறக்கலாமா'ன்னு யாரும் டிவியில விவாதம் நடத்தலை.

நவம்பர் 21ல் ஆர்லிங்டன் கல்லறையில் ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணாங்க. நாலு வருஷம் கழிச்சு, 1998ல், அம்மா மகளைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதோட தலைப்பு 'கால் சைன் ரெவ்லான்'.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் பாக்கலாம்.