எருக்கிலைப் புழு எங்கே போகிறது?

சித்திரை வெயிலில் சாலையோரத்துப் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடக்கும்போதும் எருக்கு மட்டும் சாம்பல் பூத்த பச்சை இலைகளோடு நிற்கும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் அந்த நாட்களில் அந்த இலைகளின் அடியில் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு புழு கிடைக்கும். உடல் முழுக்கக் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிகள்; முதுகில் மூன்று இணை கரிய இழைகள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. இலையோடு பறித்து ஒரு டப்பாவில் வைத்து, தினமும் புது இலை போட்டுவந்தால், ஏறக்குறைய இரண்டு வாரம் தின்று கொழுக்கும். பிறகு தலைகீழாகத் தொங்கி, கூடாக இறுகி, இன்னும் ஒரு வாரம் பத்து நாளில் செம்பழுப்புச் சிறகோடு வெளியே வரும். அதைப் பார்க்கும் குழந்தை கேட்கும் முதல் கேள்வி, “புழு எங்கே போச்சு?” என்பதுதான். கூட்டுக்குள் புழு கரைந்து கூழாகிவிட்டது, அந்தக் கூழிலிருந்து வண்ணத்துப்பூச்சி புதிதாகப் பிறந்தது என்று பெரியவர்கள் பதில் சொல்கிறோம். பாடம் நடத்துகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்பதற்கு அழகான பதில்தான். ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. புழு எங்கும் போகவில்லை என்பதே சரியான விடை. வண்ணத்துப்பூச்சியின் பெரும்பகுதி வேலை புழுவுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கூட்டுப்பருவம் அந்த வேலையை முடித்துவைக்கிறது.

முதல் சான்றுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடி போதும். ‘கூடு’ என்ற சொல்தான் இங்கே நம்மைத் திசைதிருப்புகிறது. பட்டுப்புழு தன்னைச் சுற்றி நூல் நூற்றுக் கூடு கட்டுகிறது. அதற்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. வெந்தய வரியன் அப்படி எதையும் கட்டுவதில்லை. இலையடியிலோ குச்சியிலோ கொஞ்சம் பட்டு நூலைத் திட்டாக ஒட்டி, அதில் பின்காலைப் பதித்துத் தலைகீழாகத் தொங்குகிறது. ஏறத்தாழ ஒரு நாள் அப்படித் தொங்கிய பின் தலைக்குப் பின்னால் தோல் வெடிக்கிறது. உடலை நெளித்து நெளித்து அந்தத் தோலை மேல்நோக்கிச் சுருட்டித் தள்ளுகிறது. அதற்குமுன் நான்கு முறை தோலுரித்ததுபோல இதுவும் ஒரு தோலுரிப்பு. உள்ளிருந்து வெளிப்படுவது இளம்பச்சை நிறத்தில், சில வேளைகளில் இளஞ்சிவப்பில், பளபளக்கும் ஓர் உடல். நாம் கூடு என்று நினைப்பது அந்தப் பூச்சியின் தோலேதான். அந்தத் தோலை உற்றுப் பார்த்தால் சிறகுகளின் வடிவம் பக்கவாட்டில் படிந்திருப்பது தெரியும். உணர்கொம்பின் தடம், கால்களின் தடம், தேன் குடிக்கும் உறிஞ்சுகுழலின் தடம் எல்லாம் தெரியும். தோல் உரிந்து முடிந்த சில நிமிடங்களிலேயே இவை கண்ணுக்குப் படுகின்றன. சில நிமிடங்களில் ஒரு சிறகையும் உணர்கொம்பையும் எந்த உயிரும் உருவாக்கிவிட முடியாது. அப்படியானால் நேற்று இலை தின்றுகொண்டிருந்த புழுவின் தோலுக்கடியிலேயே அவை தயாராக இருந்தன என்றுதான் முடிவுக்கு வரவேண்டும்.

இந்த முடிவுக்கு ஐரோப்பியர் வந்து சேர்ந்த வழி நீண்டது. கூட்டுப்புழுவை ஒரு வகை முட்டையாகப் பார்த்தார் அரிஸ்டாட்டில். ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியும் 1651இல் அந்தப் பார்வையை ஒட்டியே எழுதினார். அதை மறுத்தவர் நெதர்லாந்தின் யான் ஸ்வாம்மர்டாம். நுண்ணிய கருவிகளால் புழுக்களை அறுத்துப் பார்த்த அவர், 1669இல் வெளியிட்ட நூலில், தோலுரிக்கும் தறுவாயில் இருக்கும் புழுவுக்குள்ளேயே வண்ணத்துப்பூச்சியின் சிறகும் காலும் மடங்கியிருப்பதை விளக்கினார். புழு சாகவில்லை, வளர்கிறது என்பது அவர் வாதம். அதே காலத்தில் மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர், முட்டை, புழு, கூடு, பூச்சி, அது தின்னும் செடி அனைத்தையும் ஒரே படத்தில் வரைந்து 1679இல் நூலாக்கினார். ஒரு செடியும் அதன் பூச்சியும் சேர்ந்து ஒரே வாழ்க்கைக் கதை என்பதை அந்தப் படங்கள் எல்லோருக்கும் புரியவைத்தன. ஸ்வாம்மர்டாமின் கண்டுபிடிப்பைச் சிலர் எல்லை மீறி இழுத்து, புழுவுக்குள் முழு வண்ணத்துப்பூச்சியே சின்ன உருவில் ஒளிந்திருப்பதாக நினைத்தார்கள். அதுவும் தவறு. உள்ளே இருப்பது முழுப் பூச்சி அல்ல. அதன் உறுப்புகளுக்கான தொடக்கங்கள்.

அந்தத் தொடக்கங்களை உறுப்பு மொட்டுகள் என்று சொல்லலாம். புழுவின் நெஞ்சுப்பகுதியில் இரண்டாவது, மூன்றாவது கண்டங்களில் தோல் உள்நோக்கி மடிந்த சிறு பைகளாக நான்கு சிறகு மொட்டுகள் இருக்கின்றன. புழு வளர வளர இவையும் வளர்கின்றன. கடைசிப் பருவத்தில் நரம்புக்கோடுகள் ஓடத் தொடங்குகின்றன. பழ ஈயின் புழுவில் இத்தகைய மொட்டுகள் 19 உண்டு; கண், உணர்கொம்பு, கால், சிறகு எனத் தனித்தனியாக எண்ணிப் பெயரிட்டிருக்கிறார்கள். புழுவின் முன்பக்கத்தில் இருக்கும் ஆறு சிறு கால்களே பின்னால் வண்ணத்துப்பூச்சியின் ஆறு கால்களாகின்றன. இலையைப் பற்ற உதவிய வயிற்றுக் குறுங்கால்கள் மட்டும் மறைகின்றன. இதை வெட்டுக்கிளியோடு ஒப்பிட்டால் புதிர் இன்னும் தெளியும். வெட்டுக்கிளிக் குஞ்சின் முதுகில் சிறகு மொட்டு வெளியே தெரியும்; ஒவ்வொரு தோலுரிப்பிலும் பெரிதாகும். அதைப் பார்த்து மறுபிறவி என்று யாரும் சொல்வதில்லை. வண்ணத்துப்பூச்சியில் அதே மொட்டு உள்பக்கம் மடிந்து வளர்கிறது, அவ்வளவே. தட்டான், கரப்பான், வெட்டுக்கிளி எல்லாம் நம் கண்ணெதிரே செய்வதை வண்ணத்துப்பூச்சி, வண்டு, ஈ, எறும்பு ஆகியவை தோலுக்குள் மறைத்துச் செய்கின்றன.

அப்படியானால் அந்த மொட்டுகள் ஏன் முதலிலேயே விரிந்துவிடுவதில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் பூச்சியியலின் மிகச் சிறந்த சில சோதனைகள் நடந்தன. போலந்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் கோப்பெச், அந்துப்பூச்சியின் புழுவை நூலால் இறுக்கிக் கட்டி, முன்பாதியையும் பின்பாதியையும் பிரித்துப் பார்த்தார். குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாகியது, பின்பாதி புழுவாகவே கிடந்தது. அந்த நாளைத் தாண்டிக் கட்டினால் இரண்டு பாதியும் மாறின. மூளையிலிருந்து ரத்தத்தின் வழியே ஏதோ ஒரு பொருள் போய்க் கட்டளை தருகிறது என்று 1922இல் அவர் எழுதினார். அந்தக் கட்டளைச் சங்கிலியின் முக்கிய ஹார்மோனான எக்டைசோனை ஜெர்மனியில் அடால்ஃப் புட்டெனான்ட்டும் பீட்டர் கார்ல்சனும் 1954இல் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். தோலை உரி என்று சொல்வது எக்டைசோன். உரித்தபின் மறுபடி புழுவாகவே இரு என்று சொல்வது இன்னொன்று, இளமை ஹார்மோன். தலையில் இருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. 1930களின் இறுதியில் பிரெஞ்சு ஆய்வாளர் பூனியோல் இளம் பட்டுப்புழுக்களிலிருந்து அந்தச் சுரப்பிகளை அகற்றினார். பாதி வளர்ச்சிகூட எட்டாத அந்தப் புழுக்கள் அவசரமாகக் கூடு கட்டி, பொம்மை போன்ற குட்டி அந்துப்பூச்சிகளாக வெளிவந்தன. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. சிறகுள்ள பூச்சியாகும் ஆற்றல் குட்டிப் புழுவுக்குள்ளேயே இருக்கிறது. இளமை ஹார்மோன் அதை ‘இன்னும் வேளை வரவில்லை’ என்று பிடித்துவைத்திருக்கிறது. போதிய அளவு தின்று வளர்ந்ததும் பிடி தளர்கிறது.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். புதுக் கூட்டுப்புழுவைக் கீறினால் உள்ளேயிருந்து குழம்பு போலத்தானே வடிகிறது, அது கூழில்லாமல் என்ன? வடிவது உண்மை. புழுவின் நடைத்தசைகளும், இலை செரித்த குடலும், பட்டு சுரந்த சுரப்பியும் பெருமளவு சிதைக்கப்படுகின்றன. அந்தச் சத்து புதிய உறுப்புகளைக் கட்டப் பயன்படுகிறது. புழு சேர்த்துவைத்த கொழுப்பும் ரத்தமும் அந்தக் குழம்பில் உண்டு. ஆனால் கீறிப் பார்ப்பவர் தம் கத்தியாலேயே மென்மையான உறுப்புகளையும் உடைத்துவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது. கீறாமல் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. 2013இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக்குழு, இந்தியாவிலும் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்தின் உயிருள்ள கூட்டுப்புழுக்களை எக்ஸ்ரே நுண்படக் கருவியில் நாள்தோறும் படமெடுத்தது. முதல் நாளிலேயே மூச்சுக்குழாய்கள் ஒழுங்காகக் கிளைத்திருப்பது படத்தில் தெரிந்தது. முதுகோடு ஓடும் இதயக்குழாயும் நரம்பு மண்டலமும் அழிவதில்லை. அவை திருத்தி அமைக்கப்படுகின்றன. குடும்பம் உள்ளே குடியிருக்க, ஒரு பக்கம் சுவரை இடித்து மறுபக்கம் அறை எடுக்கும் வீட்டுவேலை போன்றது இது. செங்கல்லும் மண்ணும் குவிந்து கிடப்பதைப் பார்த்து வீடே இல்லாமல் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது.

உடல் தொடர்கிறது, சரி; அனுபவமும் தொடர்கிறதா? அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் புகையிலைச் செடியைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு, ஒரு வாசனையைக் காட்டியதும் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள் பூச்சியான பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்தன. அதற்கு முந்தைய பருவங்களில் பழகியவை மறந்துவிட்டன. இதற்கு எதிரான சான்றும் இருக்கிறது. பழ ஈயின் மூளையில் நினைவுப் பகுதியின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வு, புழுப்பருவத்துப் பின்னல்கள் கழன்று வேறு விதமாகப் பின்னப்படுவதால் நினைவு தங்க வழியில்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நினைவு தொடர்வது இனத்துக்கு இனம், வயதுக்கு வயது மாறலாம் என்று மட்டுமே இப்போது சொல்ல முடியும். என் வாதம் நினைவை நம்பி நிற்கவில்லை. பின்னல் மாறிய பழ ஈயிலும் அதே நரம்பணுக்கள்தான் புது வேலைக்குப் போகின்றன. அந்த ஆய்வு காட்டுவதும் உடலின் தொடர்ச்சியைத்தான்.

இவ்வளவு மாறிய பிறகு அதே உயிர் என்றால் என்ன, வேறு உயிர் என்றால் என்ன, இது வெறும் சொற்சண்டைதானே என்று கேட்கலாம். அப்படியில்லை, இதைச் சோதித்துப் பார்க்க முடியும். புழுவும் பூச்சியும் தொல்பழங்காலத்தில் இரு வேறு உயிரினங்களாக இருந்து கலந்தவை என்று 2009இல் டொனால்ட் வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் எழுதினார். அப்படிக் கலந்திருந்தால் மரபணுத் தொகுப்பில் தடயம் இருக்கவேண்டும். அப்படி எதுவும் இல்லை என்று அதே ஆண்டில் மறுப்பு வந்தது. முட்டையில் ஆணா பெண்ணா என்று முடிவானது பூச்சியிலும் மாறுவதில்லை. இன்னொரு சோதனை எருக்குக்கு நெருக்கமானது. வெந்தய வரியனின் உறவான மொனார்க் வண்ணத்துப்பூச்சி, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்வடியும் செடிகளைத் தின்று வளர்கிறது. அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. 1960களில் லிங்கன் பிரவரும் உடன் ஆய்வாளர்களும் மொனார்க்கை நீலநிற ஜே பறவைக்குக் கொடுத்தபோது பறவை வாந்தியெடுத்தது. முட்டைக்கோஸ் தின்னப் பழக்கி வளர்த்த புழுவிலிருந்து வந்த மொனார்க்கைப் பறவை தடையின்றித் தின்றது. பூச்சிப்பருவத்தில் இலையைக் கடிக்க அதற்கு வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான் சிறகு முளைத்த பிறகும் அதைக் காக்கிறது.

கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. ஆகவே சிறகும் கண்ணும் காலும் புழு சேர்த்துவைத்த கையிருப்பிலிருந்தே ஆகவேண்டும். பட்டுப்புழு நான்கு வாரத்துக்குள் தன் எடையைச் சுமார் 10,000 மடங்கு பெருக்கிக்கொள்வது இதற்காகத்தான். தின்பதைப் புழுப்பருவமும், பறந்து துணை தேடி முட்டையிடுவதைச் சிறகுப்பருவமும் பிரித்துக்கொண்டதால், பெற்றோரும் பிள்ளையும் ஒரே உணவுக்குப் போட்டியிட வேண்டியதில்லை. உலகின் பூச்சி இனங்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வாழ்வது அதன் வெற்றிக்குச் சான்று.

இந்த உண்மை நம் நடத்தையையும் தொடவேண்டும் என்று நினைக்கிறேன். வண்ணத்துப்பூச்சி வந்தால் மகிழ்கிறோம். கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் கண்டால் மருந்தடிக்கிறோம். இரண்டும் ஒரே உயிர் என்று தெரிந்தபின் அந்த இரட்டைப் பார்வைக்கு இடமில்லை. எருக்கைக் களையென்று வேரோடு வெட்டிய இடத்தில் தேன் நிறைந்த பூச்செடிகளை எத்தனை வைத்தாலும் வெந்தய வரியனுக்கு முட்டையிட இடம் கிடைக்காது. குழந்தை புழு வளர்க்க ஆசைப்பட்டால் தடுக்காமல், தினமும் புதிய இலையும் தொங்க ஒரு குச்சியும் கொடுங்கள். வெளிவரும் பூச்சிக்கு உதவுவதாக நினைத்துத் தோலைப் பிய்க்க விடாதீர்கள். கசங்கிய சிறகுக்குள் அது தானே ரத்தத்தைச் செலுத்தி விரித்துக்கொள்ளவேண்டும். புழு எங்கே போச்சு என்று கேட்டால், பச்சைக் கூட்டைப் பூதக்கண்ணாடியில் காட்டி, இது சிறகு, இது உணர்கொம்பு, இது தேன் குடிக்கப்போகும் குழல் என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டுதான் நேற்றுவரை அது எருக்கிலை தின்றது என்பதை அந்தக் குழந்தை தன் கண்ணாலேயே பார்த்துவிடும்.