எட்டாயிரமா, எண்ணூறா?

எண்ணைக் கண்ணெனப் போற்றுவது நம் மரபு. ஆயின், ஒரே போருக்கு நூலுக்கு நூல் எண் மாறினால் எதை நம்புவது?

1914 நவம்பர் 2 அன்று இரவு, செருமானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை கடல்வழியே இறங்கத் தொடங்கியது. தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பெங்களூரின் பெயர் தாங்கிய படைப்பிரிவும், அதனுள் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் அதில் இருந்தன. நவம்பர் 5இல் தோற்றுக் கப்பலேறினர்.

இழப்பு எவ்வளவு? பிரிட்டிஷ் அரசின் வரலாறு 817 என்கிறது. 847 என்பாரும் உளர். செருமானியத் தளபதி லெட்டோவ்-வோர்பெக் 2,000க்குக் குறையாது என மதிப்பிட்டார். தோற்றவர் தம் பெயர்ப்பட்டியலைப் பார்த்து எண்ணுகிறார். வென்றவர் களத்தைப் பார்த்து மதிப்பிடுகிறார். அன்றியும், 817 என்பது மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் அனைவரும் சேர்ந்த தொகை. மாண்டோர் ஏறத்தாழ 360 பேரே!

‘எட்டாயிரம் பேர் ஆயிரவரிடம் தோற்றனர்’ என்பதும் அத்தகையதே. நவம்பர் 3ஆம் நாள் முதல் தாக்குதலில் இறங்கியவை இரண்டு பட்டாளங்களே. இதை அந்த எட்டாயிரம் மறைக்கிறது. இந்தியச் சிப்பாய்கள் கோழைகள் எனத் தூற்றவும்பட்டனர்.

சுரங்க விபத்துச் செய்தி கேட்டால், “இறந்தவர் எத்தனை, காயம்பட்டவர் எத்தனை?” என்று பிரித்துக் கேட்பது தங்கவயலார் வழக்கமாயிருந்தது. நண்பர்களே, வரலாற்று நூலையும் அவ்வாறே கேளுங்கள்: எண்ணியவர் யார்? எவரை எண்ணினார்? எவரை விட்டார்?