அடிப்பூச்சும் மேற்பூச்சும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவர் முதுமொழி. சுவர் இருத்தல் மட்டும் போதாது. அச்சுவர் எவ்வியல்பினது என்பதையும் அறிந்த பின்னரே வர்ணத்தைத் தொடவேண்டும். இவ்வுண்மையை யான் ஒரு மாணவனின் துயரத்தினாற் கற்றேன்.

சில ஆண்டுகளின் முன் என் வகுப்பு மாணவன் ஒருவன், இங்கிலாந்தில் வாழும் தன் மாமன் அனுப்பிய பிளாஸ்ரிக் துண்டங்களை ஒட்டி, ஸ்பிற்பயர் விமானத்தின் மாதிரியுரு ஒன்றை அமைத்தான். மூன்று மாத உழைப்பு. கண்காட்சிக்கு இரண்டு நாட்களே இருந்தன. இறக்கையிற் படிந்திருந்த பசைக்கறையை எவ்வாறு போக்கலாம் என என்னிடம் வினவினான். தளபாடங்களுக்கு மெருகிட்டபின் எஞ்சியிருந்த தின்னரைத் துணியில் நனைத்துத் துடைக்கும்படி கூறினேன். துடைத்த அளவிலே இறக்கை இளகிற்று. நுண்ணிய கோடுகள் மறைந்தன. அவன் பெருவிரலின் அடையாளம் அதிற் பதிந்து நின்றது. அவன் அழவில்லை. “பரவாயில்லை, சேர்” என்று மட்டும் சொன்னான். அச்சொல் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. தமிழாசிரியன் வர்ணங்களைப் பற்றி எழுதப் புகுந்ததன் காரணம் இதுவே.

எவ்வகை வர்ணமாயினும் அதன்கண் மூன்று கூறுகள் உள. நிறந்தரும் தூள் ஒன்று. அத்தூளைப் பற்றிப் பிடிக்கும் பிணைபொருள் ஒன்று. இவ்விரண்டையும் பூசத்தக்க நீர்மையாக்கும் கரைப்பான் ஒன்று. கரைப்பான் ஆவியாய்ச் சென்றபின் எஞ்சுவன முன்னைய இரண்டுமே. ஆயினும், செல்லுமுன் அது அடியிலுள்ள பொருளை என்ன செய்கின்றது என்பதே நாம் கருதவேண்டியது. மாதிரியுருக்களுக்குரிய பிளாஸ்ரிக் பெரும்பாலும் பொலிஸ்ரைறீன் என்னும் பொருளாகும். அசற்றோன், தொலுயீன் போன்ற வன்மையான கரைப்பான்கள் அதனைக் கரைத்துவிடும். தளபாடத் தின்னரில் இத்தகையனவே கலந்துள்ளன. மரத்துக்கு நன்மை செய்வது பிளாஸ்ரிக்குக்கு நஞ்சாயிற்று.

கடையிற் கிடைக்கும் வர்ணங்களை மூவகையாக வகுக்கலாம். முதலாவது எனாமல். இது எண்ணெய்த் தன்மையது. வைற் ஸ்பிரிற்றினால் ஐதாக்கப்படுவது. பொலிஸ்ரைறீனுக்குப் பொதுவாகத் தீங்கு செய்யாது. தூரிகைக் கோடுகள் தாமே சமனாகிவிடும். ஆனால் உலரப் பல மணி நேரமும், முற்றாக இறுகச் சில நாட்களும் செல்லும். இரண்டாவது அக்கிறிலிக். நீரினால் ஐதாக்கத்தக்க வகை இளைஞர்க்கு ஏற்றது, மணம் குறைந்தது, விரைவில் உலர்வது. எனினும் வழவழப்பான பரப்பை இறுகப் பற்றாது. மூன்றாவது லக்கர். இது வன்மையான கரைப்பானுடையது. சில நிமிடங்களில் உலர்வது. பிளாஸ்ரிக்கின் மேற்றோலைச் சற்றே கடித்துப் பற்றுவது. மாதிரியுருக்களுக்கென ஆக்கப்பட்ட லக்கரை மெல்லிய படலமாகத் தெளித்தால் நன்மை. தடிப்பாகப் பூசினால் என் மாணவனின் இறக்கைக்கு நேர்ந்த கதியே நேரும். இன்னொன்றும் நினைவிற் கொள்க: எனாமல் பூசிய பரப்பின்மேல் லக்கர் பூசலாகாது. அடியிலுள்ள எனாமல் சுருங்கித் திரைந்துவிடும்.

இனி அடிப்பூச்சைக் காண்போம். வர்ணம் பூசுவோர் இதனைப் பிறைமர் என்பர். முடிந்த உருவிற் கண்ணுக்குப் புலனாகாத இப்பூச்சை வீண்செலவென எண்ணுவோர் பலர். அது செய்யும் பணிகள் மூன்று. அடிப்பொருளுக்கும் மேற்பூச்சுக்குமிடையே நின்று இரண்டையும் இணைப்பது முதற்பணி. பல நிறத் துண்டங்களையும் நிரப்பிய புட்டியையும் ஒரே நிறமாக்கி, மேல்வரும் வர்ணம் எங்கும் ஒருபடித்தாய்த் தோன்றச் செய்வது இரண்டாம் பணி. மூன்றாம் பணியே தலையாயது: அது குற்றங்களைக் காட்டிக்கொடுக்கும். பளபளக்கும் பிளாஸ்ரிக்கிற் கண்ணுக்குத் தப்பிய கீறலும் பொருத்தின் இடைவெளியும், மங்கிய சாம்பல் நிற அடிப்பூச்சின்மேல் நன்கு புலப்படும். அப்போது அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேற்பூச்சு முடிந்தபின் காணும் குற்றத்துக்குப் பரிகாரம் அரிது.

அடிப்பூச்சின் நிறத்தையும் எண்ணித் தெரிதல் வேண்டும். பொதுத் தேவைக்குச் சாம்பல். மஞ்சள், சிவப்பு ஆகியன ஒளியிழக்காதிருக்க வெண்மை. வெள்ளி போன்ற உலோக நிறங்களுக்குப் பளபளப்பான கருமை.

மரத்தின் இயல்பு வேறு. அது நுண்டுளைகள் உடையது, வர்ணத்தை உறிஞ்சும், நீர் பட்டால் அதன் நார்கள் எழுந்து நிற்கும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பெற்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை நம் மாணவர் மரத்திற் செய்ய விரும்பக்கூடும். அவர்கள் முதலில் மரத்துளைகளை அடைக்கும் பூச்சை இட்டு, உலர்ந்தபின் அரத்தாளால் மெல்லத் தேய்த்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்து, அதன்பின் அடிப்பூச்சுக்குச் செல்லல் நன்று. உலோகத்துக்கோ எண்ணெய்ப்பசை பகை. சவர்க்கார நீரிற் கழுவி நன்கு உலர்த்தி, உலோகத்துக்குரிய பிறைமரையே பூசவேண்டும். பிளாஸ்ரிக் துண்டங்களையும் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரிற் கழுவுக. அச்சிலிருந்து எளிதிற் கழல்வதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் அவற்றிற் படிந்திருத்தல் கூடும்.

பூச்சின் தடிப்பையும் அளவிடையோடு சேர்த்தே எண்ணவேண்டும். ஸ்பிற்பயரின் இறக்கை அகலம் 11.23 மீற்றர். 72இல் ஒரு பங்காகக் குறைக்கும்போது அது 15.6 சென்ரிமீற்றராகும். அச்சிறு உருவின்மேல் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் வர்ணம் பூசுவது, உண்மை விமானத்தின்மேல் 7.2 மில்லிமீற்றர் தடிப்பில் அப்புவதற்குச் சமம். ஆதலின் வீட்டுச் சுவருக்கும் கதவுக்குமுரிய தடித்த வர்ணங்கள் சிறிய மாதிரியுருக்களுக்கு ஆகா. ஒரு தடித்த பூச்சிலும் மூன்று ஐதான பூச்சுகள் மேல். நிறத்துக்கும் இவ்விதி பொருந்தும். தொலைவிற் செல்லும் பாய்க்கப்பலின் நிறம் காற்று மண்டலத்தினால் மங்கித் தோன்றுதல் போல, சிறிய உருவின் நிறமும் சற்றே வெளிறியிருந்தால்தான் இயல்பாய்த் தோன்றும். 1940இல் ஸ்பிற்பயரின் மேற்புறத்தில் மண்ணிறமும் கரும்பச்சையும் பூசப்பட்டிருந்தன. அவற்றுட் சிறிது வெண்மை கலத்தல் அழகு தரும்.

நம் நாட்டின் காலநிலையையும் மறத்தலாகாது. மாரிகாலத்து ஈரக்காற்றில் லக்கரைத் தெளித்தால் அதன் பரப்பு வெண்ணிறமாய்ப் பூத்துப்போகும். அந்நாட்களிற் பொறுத்திருத்தலே அறிவுடைமை. தெளிக்கும்போது காற்றோட்டமுள்ள இடத்தில், அதற்குரிய முகமூடி அணிந்து, விளக்கும் அடுப்பும் இல்லாத தூரத்தில் நிற்க வேண்டும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளைச் சுவாசித்தல் ஆகாது. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: தம்பிமாருக்கு மாதிரியுருத் துண்டங்களைக் கொண்டுவருங்கள், எளிதிற் தீப்பற்றும் வர்ணங்களையும் தெளிப்பு ரின்களையும் பயணப் பெட்டியில் வைக்காதீர்கள். அவை விமானப் பயணப் பொதிகளில் அனுமதிக்கப்படுவதில்லை.

இவையனைத்தையும் நினைவில் வைத்தல் அரிதெனின், ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். பிளாஸ்ரிக் துண்டங்கள் ஒரு சட்டத்திற் பொருந்திய நிலையிலேயே பெட்டியில் வரும். துண்டங்களைக் கழற்றியபின் அச்சட்டத்தை எறியாதீர்கள். அதுவும் அதே பிளாஸ்ரிக்கே. எந்த வர்ணத்தையும், எந்தக் கரைப்பானையும் முதலில் அதன்மேற் பூசிப் பார்த்து, மறுநாள் காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். அன்று யான் அவ்வாறு செய்யச் சொல்லியிருந்தால் ஒரு சிறுவனின் மூன்று மாத உழைப்புக் கெட்டிராது.

அம்மாணவன் மனந்தளரவில்லை. இறக்கையைப் புட்டியால் நிரப்பித் தேய்த்தான். சாம்பல் நிற அடிப்பூச்சு இட்டான். அது காட்டிய குற்றங்களை ஒவ்வொன்றாய்த் திருத்தி மீண்டும் இட்டான். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் அவ்விமானம் இடம்பெற்றது. இறக்கையின் கீழ்ப்புறத்தில் மட்டும் அவ்விரலடையாளத்தின் ஓர் ஓரம் எஞ்சியிருந்தது. அதனையும் ஏன் மறைக்கவில்லை என வினவினேன். “மேற்புறம் பார்க்கிறவர்களுக்கு, சேர், அடிப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும்” என்றான்.