முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு நண்பர் எங்கே?

திருகோணமலைச் சைவக் குடும்பம் ஒன்றில் மரணம் நிகழ்ந்தால், அடுத்த 31 நாட்களில் யார் எங்கே நிற்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை வழக்கம் ஏறத்தாழ முழுமையாகவே வகுத்து வைத்திருக்கிறது. அந்த ஒழுங்கில் இடம்பெறாதவர், துணையை இழந்து நிற்பவரின் நண்பர். கொள்ளி வைப்பது மகன் அல்லது அவனுக்கு நிகரான உறவினன். துடக்கு, அதாவது மரணத்தால் வரும் தீட்டு, காப்பவர்கள் உரித்துக்காரர். மரண அறிவித்தலிலோ கணவர், பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர், சம்பந்தி என்று உறவுமுறைகள் வரிசையாக அடுக்கப்பட்ட பின்னரே, "உற்றார், உறவினர், நண்பர்கள்" என்ற பொது விளிப்பின் கடைசிச் சொல்லாக அவர் வந்து சேர்கிறார். நண்பரின் மனைவியை அக்கா என்றும் நண்பியின் கணவரை அண்ணன் என்றும் அழைத்து, அந்த வீட்டுச் சோற்றை உரிமையோடு உண்டு பழகியவருக்கும் இதே நிலைதான்.

இத்தகைய நண்பருக்கு நேர்வது இரட்டை இழப்பாகும். இறந்தவர் அவருக்கும் வேண்டியவர் என்பதால் தமக்கென ஒரு துக்கம் அவருக்கு உண்டு. ஆனால் உயிரோடு இருப்பவரின் துக்கம் அதைவிடப் பெரிதென்று தெரிவதால், தம்முடையதைச் சொல்ல நாவெழாமல் அவர் பந்தலின் ஓரத்தில் கதிரை அடுக்கிக்கொண்டும் தேநீர் பரிமாறிக்கொண்டும் நிற்கிறார். பழந்தமிழ் மரபிலும் அவருக்கு இடமில்லை. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்து நோன்பு மேற்கொண்டவளின் நிலையைத் தாபத நிலை என்றும் வகுத்துக் கூறுகிறது. மனைவியின் ஈமத்தீயைக் கண்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி வருந்தும் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் பாடலைப் புறநானூறு 245ஆம் பாட்டாகக் காத்துத் தந்திருக்கிறது. தன் நண்பன் கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பு இருந்து, உயிர்நீத்த பிசிராந்தையாரைப் போற்றும் அதே மரபு, நண்பனின் துணை இறந்தால் நண்பன் செய்யக்கடவது யாதென்பதை மட்டும் வகுத்துரைக்காமல் விட்டுவிட்டது.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடி வள்ளங்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடி உழைக்கும் இம்மாவட்டத்தில், நண்பர் பெரும்பாலும் வேறொரு நாட்காட்டிக்கு உரியவராக இருக்கிறார். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்களின் ஜனாஸா, அதாவது இறந்தவரின் உடல், தாமதமின்றி நல்லடக்கம் செய்யப்பட, கணவனை இழந்த பெண் இத்தா எனப்படும் நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட காத்திருப்புக் காலத்தை வீட்டிலேயே கழிக்கிறார். கத்தோலிக்கர் முப்பதாம் நாள் திருப்பலி ஒப்புக்கொடுக்க, பௌத்தர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் கொடுக்கின்றனர்.

சைவர்களிடையே எட்டாம் நாள் எட்டுச்செலவில் இறந்தவர் விரும்பி உண்டவை படைக்கப்படுகின்றன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்னும் நிறைவுக் கிரியைக்குக் குடும்பங்கள் பல கன்னியாவுக்குச் செல்கின்றன. நகருக்கு வடமேற்கே, வெவ்வேறு சூடுடைய ஏழு சிறு கிணறுகளாக அமைந்த அந்த வெந்நீரூற்றுகள், இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்வதற்காகத் தோன்றியவை என்பது ஐதிகம். எனவே அங்கு நீராடிக் கடன் முடிப்பது இப்பகுதி மக்களுக்கு ஆழ்ந்த ஆறுதலைத் தந்துவருகிறது. துக்கத்தை நாட்களாகப் பிரித்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையைக் கொடுத்து, வேலைதோறும் ஆட்களைக் கூட்டுவதே இக்கிரியைகளின் பெரும் பயன் எனலாம்.

ஆனால் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்ததும் வெளியூரார் புறப்படுகின்றனர், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் விமானம் ஏறுகின்றனர், வாடகைக் கதிரைகள் திரும்பிச் செல்கின்றன. துணையை இழந்தவர் தம் இழப்பை முதன்முறையாகத் தனியே சந்திப்பது அந்தக் கிழமையில்தான். பிரித்தானியாவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 மனைவியிழந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஆறு மாதங்களில் அவர்களில் 213 பேர் இறந்தனர் என்றும், அது அதே வயதுடைய, மனைவியோடு வாழும் ஆண்களிடம் எதிர்பார்க்கப்படும் அளவைவிட 40 சதவீதம் அதிகம் என்றும் கண்டறிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாடும், நீடித்த துயரக் கோளாறு என்பதை அடையாளங்காண ஆறு மாதங்களேனும் கடந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே வழக்கம் கைவிடும் முப்பத்தோராம் நாளுக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையிலுள்ள ஐந்து மாதங்களே ஆபத்தானவை.

மனைவியை இழந்த ஆணின் நிலை இங்கு தனிக் கவலைக்குரியது. வெள்ளை உடுத்து, பொட்டும் பூவும் நீங்கி, சுபகாரியங்களில் பின்வரிசைக்குத் தள்ளப்படும் பெண்ணின் துயரம் கொடியதாயினும் கண்ணுக்குத் தெரிகிறது, அது அநீதி என்று சொல்வதற்கு இன்று பலர் இருக்கின்றனர். ஆணுக்கோ வெளியடையாளம் எதுவுமில்லை. எட்டாம் நாள் முடிந்ததும் வேலைக்குத் திரும்பும் அவரை ஊர் தேறிவிட்டார் என்று எண்ணிக்கொள்ள, சோறு எடுத்துவைக்க ஆளில்லாத வீட்டில் அவர் பாணும் சம்பலும் தின்று இரவைக் கழிப்பதையும், இரத்த அழுத்த மாத்திரையை மறப்பதையும், சிலவேளை மதுவை நாடுவதையும் கவனிக்கக்கூடியவர் பழைய நண்பரன்றி வேறெவருமில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே பண்பு என்று கருதுவோரும் உளர். ஆயினும் வருகையைத் தவிர்ப்பதற்குரிய பண்பான காரணமாகவே அது பெரும்பாலும் பயன்பட்டுவருகிறது.

நண்பரின் வருகைக்கான விதை வழக்கத்தில் இல்லாமலில்லை. மரணம் நிகழ்ந்த வீட்டில் ஆட்டைத் திவசம், அதாவது ஓராண்டு நினைவுக் கிரியை, முடியும்வரை தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதில்லை என்பதால், அயலவர் தம் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். பண்டிகை நாளுக்குரிய அந்த வருகையைச் சாதாரண நாட்களுக்கும் விரிப்பதே நட்பின் கடமை. இறந்தவரின் பெயரை உச்சரிக்க அஞ்சாமல், அவர் சமைத்ததையும் சொன்னதையும் பேசுவதும், வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் முடியாதிருக்கும் பத்திர வேலைகளுக்குக் கூடச் செல்வதும், மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் அதில் அடங்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் படகுப்பாதைக்காகக் காத்திருந்த காலமும் போய்விட்டதால், தூரத்தை இனிக் காரணமாகக் காட்டவும் இயலாது. மூன்று சமூகங்களும் தத்தம் நாட்கணக்கை விட்டுக்கொடுக்காமலே இந்தக் கடமையை ஏற்கலாம். இதற்குக் குருக்களோ மௌலவியோ நாள் குறித்துத் தர வேண்டியதில்லை, அழைப்பும் தேவையில்லை, ஆறு மாதமும் கிழமைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கத் துணியும் நண்பர் ஒருவர் இருந்தால் போதும்.