எடைத் தேக்கம்: உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் இடையிலான கணக்கு

முதல் வாரங்களில் குறைவது எது?

உணவைக் குறைத்து நடைப்பயிற்சியைத் தொடங்குவோருக்கு முதல் சில வாரங்களில் எடை விரைவாக இறங்குவதும், சில மாதங்கள் சென்றபின் அதே உணவும் அதே நடையும் தொடர்ந்தும் எடை அசையாமல் நிற்பதும் பரவலாகக் காணப்படுகின்றன. இந்நிலையே எடைத் தேக்கம் எனப்படுகிறது. தொடக்கத்தில் குறையும் எடை முழுவதும் கொழுப்பன்று. கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து, கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருப்பதால், அது செலவாகும்போது அந்நீரும் வெளியேறிவிடுகிறது.

உடலின் சிக்கனம்

எடை குறைந்த உடலை இயக்கக் குறைந்த ஆற்றலே போதுமாதலால், 80 கிலோ எடையில் பற்றாக்குறையாக இருந்த உணவு 70 கிலோவில் சரியான அளவாகிவிடக்கூடும். இதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிக்கிறது. 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்ததுடன், ஓய்வில் இருக்கையில் அவர்களது உடல் செலவிட்ட ஆற்றல், எடையிழப்பைக் கொண்டு மட்டும் விளக்கவியலாத அளவுக்குச் சரிந்ததும் தெரியவந்தது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் குறையும்போது மூளை அதனைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொண்டு பசியைக் கூட்டுகிறது. எழுந்து நடமாடுதல், கைகால் அசைத்தல் போன்ற சிறு அசைவுகளும் உரியவர் அறியாமலே குறைகின்றன. ஆகவே, தேக்கத்தை மனவுறுதியின் தோல்வி எனப் பழிப்பது அநீதியாகும்.

கணக்கில் வராத உணவு

ஆயினும், எல்லாத் தேக்கமும் இச்சிக்கனத்தால் மட்டும் விளைவதன்று. குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறியவர்களை ஆராய்ந்து 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அவர்கள் உண்டதைப் பாதியளவு குறைத்தும், உழைத்ததைப் பாதியளவு கூட்டியும் மதிப்பிட்டிருந்ததைக் காட்டியது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் கணக்கிடுகிறது. தமிழர் சமையலறையில் இக்கணக்கிலிருந்து முதலில் நழுவுவது எண்ணெய்: தோசைக்கு ஊற்றுவதும் தாளிப்பதுமாகச் சேரும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கிலோகலோரி உள்ளது, 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விரைந்து நடந்து செலவிடுவதும் ஏறத்தாழ அவ்வளவே. சர்க்கரை சேர்த்த காபி, மாலை நேர முறுக்கு, மீந்துபோனதை வீணாக்க மனமின்றி உண்பது ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

தசையைக் காத்தல்

தேக்கம் கண்டதும் உணவை மேலும் குறைத்து நடையை இரட்டிப்பாக்குவதே பலரும் செய்வது. அதனால் கொழுப்புடன் தசையும் கரைய, ஓய்வுநிலை ஆற்றல் செலவு இன்னும் சரிகிறது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உழைப்புடன், தசையை வலுப்படுத்தும் பயிற்சியை இரண்டு நாட்களேனும் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில், பலரும் விட்டுவிடும் இரண்டாம் பகுதியே இங்கு இன்றியமையாதது. நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகியவற்றிலிருந்தே அதனைத் தொடங்கலாம். சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, அவ்விடத்தில் சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைச் சேர்த்தால் புரதம் கூடிப் பசியும் தணியும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் புரதத்தை மருத்துவர் சொல்லும் அளவில் வைத்திருக்க வேண்டும். தசை வளர்ந்து கொழுப்பு குறையும்போது எடை மாறாமலே இடுப்புச் சுற்றளவு குறையக்கூடுமாதலால், அதனையும் மாதமொருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

தைராய்டு சுரப்பியின் மந்தமும் ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடைகுறைப்பைத் தடுக்கக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடுமாதலால், மருந்தின் அளவை மருத்துவரிடம் திருத்திக்கொண்ட பின்னரே அம்மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.