எம்.ஏ. சேர்ந்தால் போதாது, முடிக்கவும் வேண்டும்

நம் நீலகிரிப் பிள்ளைகளில் பலர் பட்டப்படிப்பு வரை வந்துவிடுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்று வரும்போதுதான் எண்ணிக்கை சுருங்குகிறது. சேர்ந்தவர்களிலும் சிலர் முதல் செமஸ்டரோடு நின்றுவிடுகிறார்கள்.

சேர்வதற்கு வழி இருக்கிறது. தமிழக அரசின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. 1955-இல் தொடங்கிய உதகை அரசு கலைக் கல்லூரியானாலும், கோவை பாரதியார் பல்கலைக்கழகமானாலும் முதுகலைக்கும் இது பொருந்தும். ஆனால் சாதிச் சான்றிதழில் லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது என அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு இருக்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘இஸ்லாம்’ என்றிருந்தால் மட்டும் போதாது. கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், இறுதித் தேர்வு முடிந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

நிலைப்பதுதான் கடினம். கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. மலைப்பாதை. தினமும் போய்வர நான்கு மணி நேரம் பேருந்திலேயே கழிகிறது. மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் அன்றைய ஆய்வக வகுப்பு போயிற்று. விடுதியில் தங்கினால் மெஸ் பணம் மாதாமாதம் கட்ட வேண்டும். அரசு உதவித்தொகையோ பல மாதம் கழித்துத்தான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. தோட்டத்தில் தினக்கூலி வாங்கும் தகப்பனார் அந்த இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பார்? “இந்த வருஷம் வேலை, அடுத்த வருஷம் படிப்பு” என்று பிள்ளை சொல்கிறது. அந்த அடுத்த வருஷம் வந்து நாங்கள் பார்த்ததில்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. சேர்க்கை நேரத்தில் மேடையில் ஒரு காசோலை கொடுத்து, படம் எடுத்து, அத்துடன் மறந்துவிட்டோம். இனி அதே தொகையை மாதாமாதம் விடுதிக்கே கட்டுவோம்.

முனைவர் பட்டம் நினைப்பவர்களுக்கு ஒன்று: சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெறுவதே முக்கிய வழி. முதுகலை முதல் ஆண்டிலேயே அதற்குப் படிக்கத் தொடங்குங்கள்.

நம் பிள்ளைகளுக்கு மட்டுமா இந்தச் சிரமம்? பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கும் இதே பாதை, இதே பேருந்துதான். ஜகாத் நிதிக்கு அதற்குரிய வரையறை உண்டு. ஸதகா நிதியை எவருக்கும் கொடுக்கலாம். ஆகவே மெஸ் பணத்துக்கான உதவியை அதிலிருந்து எல்லாச் சமூகத்தாருக்கும் வழங்குகிறோம். படிப்பை நிறுத்த நினைக்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், நிறுத்துவதற்கு முன் எங்களிடம் அனுப்பிவையுங்கள்.