ஹோட்டலுக்குக் கட்டின காசும், ஏரி மேல நின்ன தண்ணியும்

நாலு நாள் டூர். எல்லா ரூமுக்கும் முன்னாடியே பணம் கட்டியாச்சு, கேன்சல் பண்ணா ஒரு பைசா திரும்ப வராது. மூணாவது நாள் காலைல எழுந்து பார்த்தா, போக வேண்டிய பாதை மூடியிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?

இது எனக்கே நடந்தது, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துல. டொரண்டோல வேலை பார்க்கிற மூணு நண்பர்களோட ஸ்னோமொபைல் ட்ரிப் போயிருந்தேன். பார்க்காதவங்களுக்காக: முன்னால ரெண்டு சறுக்குப் பலகை, பின்னால ரப்பர் ட்ராக், பைக் மாதிரி ஹேண்டில்பார். ஹாலிபர்டன்ல கிளம்பி பேங்க்ராஃப்ட், அங்கிருந்து பேரிஸ் பே, அப்புறம் சுத்தி வந்து ஹாலிபர்டன். இதுதான் ப்ளான்.

முதல்ல செலவைச் சொல்லிடறேன். சொந்தமா புது வண்டி வாங்கணும்னா 15,000 கனடா டாலருக்கு மேல கூட ஆகலாம். அந்த ஏரியால பனி நல்லா கிடைக்கிறது பத்து வாரம்; சில வருஷம் அதுவும் இல்ல. பத்து வாரம் ஓட்ட பன்னிரண்டு மாசம் இஎம்ஐ கட்டணும். அதனால நாங்க வாடகைக்கு எடுத்தோம். பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு சுமார் 15 லிட்டர் குடிக்கும், நம்ம ஊர் கார் தோத்துப் போகும்! அதுபோக பாதைக்கான பெர்மிட். சீசன் பெர்மிட்டை நவம்பர் 1-க்கு முன்னாடி வாங்கினா விலை குறைவு. ஆனா அப்ப தரையில ஒரு பொட்டு பனி கூட இருக்காது. டிஸ்கவுன்ட்டை வாங்கிட்டு, பனி விழுமாங்கிற ரிஸ்க்கையும் சேர்த்து வாங்குறீங்கன்னு அர்த்தம்.

இந்தப் பாதைகளைப் பராமரிக்கிறது உள்ளூர் கிளப் தன்னார்வலர்கள். நிறைய இடம் தனியார் நிலம். உரிமையாளர் அனுமதி கொடுத்ததால மட்டும்தான் நாம அதுல போறோம். மாகாணக் கூட்டமைப்பின் மேப்ல பச்சைன்னா திறந்திருக்கு, மஞ்சள்னா கவனமா போகலாம், சிவப்புன்னா மூடியாச்சு. சிவப்புல போனா அத்துமீறல்தான்.

முதல் நாள் பச்சை. ராத்திரி குளிர்ல மெஷின் விட்டு சமன் பண்ணின பனி, விடிஞ்சா சிமென்ட் தரை மாதிரி இறுகி நிக்கும். காலைல ஏழு மணிக்குக் கிளம்பினா சொர்க்கம். அதே பாதை மத்தியானம் மூணு மணிக்கு, நூறு வண்டி போனதுக்கு அப்புறம், வரிசையா மேடு பள்ளம். முதுகுத்தண்டு கணக்கு கேட்கும்.

ரெண்டாவது நாள் மஞ்சள். பேங்க்ராஃப்ட் பக்கம் பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துட்டுப் போட்ட பாதை. தரை மட்டமா இருக்கிறதால கொஞ்சம் பனி இருந்தாலே ஓட்டலாம். ஆனா அன்னிக்கு மேல வெறும் ஐஸ், நடுநடுவுல ஜல்லி. இங்கதான் ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். இந்த வண்டியோட இன்ஜின் சூடு தணியறதே ட்ராக் வாரியடிக்கிற தூள் பனியாலதான். ட்ராக்குக்கு உள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஸ்லைடருக்கும் அதுதான் குளிர்ச்சி. பனி தூளா இல்லன்னா டெம்பரேச்சர் லைட் எரியும், ஸ்லைடர் தேய்ஞ்சு உருகும். ஐஸைச் சுரண்டி மேல தெளிக்கிற ஸ்க்ராட்சர்னு ஒரு சின்ன கம்பி இருக்கு. அது எங்க ரெண்டு வண்டில இருந்துச்சு, ரெண்டுல இல்ல. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓரத்துப் பனில இறங்கி ஆற வச்சோம்.

மூணாவது நாள் மேப் சிவப்பு. காரணம் பாதை நடுவுல வர்ற ஒரு ஏரி. கரைக்குப் போய்ப் பார்த்தோம். மேல புதுப்பனி, அதுக்கு அடியில சாம்பல் நிறத்துல தண்ணி. பனியோட கனம் ஐஸ் தட்டை அழுத்தும்போது விரிசல் வழியா தண்ணி மேல வரும். பனி போர்வை மாதிரி மூடிக்கிறதால கீழ ஐஸும் தடிமனாகாது. ஸ்னோமொபைல் தாங்கணும்னா தெளிவான நீல ஐஸ் 5 முதல் 7 அங்குலமாவது வேணும்பாங்க; வெள்ளை ஐஸ்னா அதுல பாதி பலம்தான்.

ஆனா ஏரி மேல ரெண்டு வண்டி போன தடம் இருந்துச்சு. "மச்சி, அவன் போயிருக்கான்ல? அந்தப் பக்கம் ரெண்டு ரூம், 340 டாலர் கட்டியிருக்கோம்டா"ன்னான் ஒருத்தன். உண்மையைச் சொல்றேன், எனக்கும் அதே நினைப்புதான். 340 டாலர் கண் முன்னாடி நிக்குது, தண்ணி பனிக்கு அடியில இருக்கு.

அப்ப இன்னொருத்தன் போன்ல வாடகை ஒப்பந்தத்தைத் திறந்தான். முந்தின நாள் எங்கள்ல யாருமே முழுசாப் படிக்கல. வண்டிக்குச் சேதம் ஆனா எங்க பொறுப்பு 2,500 டாலர் வரைக்கும். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல: மூடிய பாதையில ஓட்டியிருந்தா இந்த வரம்பு செல்லாது, வண்டியோட முழு விலையும் வாடிக்கையாளர் தரணும்.

கரையில நின்னுக்கிட்டே கணக்கு போட்டோம். 340 டாலர் போனது போனதுதான், ஏரியைத் தாண்டினாலும் தாண்டாட்டியும் அது திரும்ப வராது. பேங்க்ராஃப்ட்ல இன்னொரு ராத்திரி தங்க 300. மொத்தம் 640, ஆளுக்கு 160. இன்னொரு பக்கம் ஒரு வண்டியோட விலை, நடு ஜனவரில ஒரு ஏரி, அந்தத் தண்ணில நாங்க நாலு பேர்.

திரும்பினோம். அன்னிக்கு சாயங்காலம் யாரும் அதிகமா பேசிக்கல. 160 டாலர் போன கடுப்பு எல்லாருக்கும் இருந்துச்சு. நாலாவது நாள் அதே ரயில் பாதையில, ஆற வச்சு ஆற வச்சு, ஹாலிபர்டன் வந்து சேர்ந்தோம்.

அதுக்கு அடுத்த வாரம் நல்லா குளிர் இறங்குச்சு. வியாழக்கிழமை லஞ்ச் டைம்ல மேப்பைத் திறந்து பார்த்தேன். அந்த ஏரி பச்சை. நாங்க நாலு பேரும் ஆபீஸ்ல இருந்தோம்.